காணப்படாத நோயும் தன்வேதனைக் காட்சியும்

நோய் உடம்பின்கண் நிகழ்வது; நோவு உயிரினால் அறியப்படுவது. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒருங்கே நிற்றலின் உலகத்தார் ஒன்றெனவே கொள்ளுகின்றனர். நோவு இருந்தும் நோய் காணப்படாதவிடத்தே இவற்றின் வேறுபாடு புலனாகின்றது. ஒருவருக்கு நெஞ்சு படபடக்கின்றது, மார்பிற் குத்துகின்றது, மூச்சு முட்டுகின்றது. வைத்தியரோ, ஈ.சி.ஜி., எக்கோ, இரத்தப் பரிசோதனை யாவும் செவ்வனே உள்ளன என்கின்றார். வீடு மீண்ட பின்னும் படபடப்பு ஒழிந்தபாடில்லை. இத்தகையார் கூறுவது மெய்யோ, பொய்யோ? அவர்பால் நாம் ஒழுகவேண்டிய முறை யாது? அவர்தாம் எவ்வாறு வாழ்தல் வேண்டும்? இவற்றை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சி ஊவா மாகாணத்து ஆசிரியர்க்குப் புறம்பானதன்று. பசறை, லுணுகலை, ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்களிற் கொழுந்து பறிக்குந் தாயார் ஒருவர் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு வரவேண்டின், ஒருநாட் சம்பளத்தை இழந்தே வருதல் வேண்டும். மாலையில் "ஒன்றுமில்லை" என்னுஞ் சொல்லோடு லயத்திற்கு மீளுகின்றார். அச்சொல்லுக்கு அயலார் ஒருவர் "வேலைக்குக் கள்ளம்" என்று பொருள்கொள்ளுகின்றார். மற்றொருவர் "பேய்க்குற்றம்" என்கின்றார். அத்தாயாரின் பிள்ளையே மறுநாள் நம் வகுப்பில் மனங்கலங்கி அமர்ந்திருக்கின்றது. ஆசிரியருள்ளும் இந்நோவை மறைத்துக்கொண்டு பாடஞ் சொல்லுவார் உளர்.

இவ்வினாவிற்கு விடைகாணும் நெறி நம் சாத்திரத்திலேயே உண்டு. அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியாரின் அளவையியல், காட்சியளவையை வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நான்காக வகுக்கின்றது. இவற்றுள் தன்வேதனைக்காட்சியாவது உயிர் தன் இன்ப துன்பங்களைத் தானே நேரே அறிதலாம். ஆகவே "எனக்கு நெஞ்சு நோகின்றது" என்று ஒருவர் கூறுவது காட்சியளவையின்பாற்பட்டது. அதனைப் பிறர் கருவிகொண்டு மறுத்தல் இயலாது. என்னை? கருவி அளப்பது உடம்பின் நிகழ்ச்சியை. நோவை அறிவது அவ்வுயிர் ஒன்றே.

"பரிசோதனையில் ஒன்றுங் காணாமையே நோயின்மைக்குச் சான்றாகாதோ?" எனின், அது பற்றியும் ஆராய்தல் வேண்டும். இன்மையை அறிதல் அபாவம் எனப்படும். விளக்கொளியில் ஓர் அறையைப் பார்த்து யானை இல்லை என்று துணியலாம். ஊசி இல்லை என்று துணிதல் ஆகாது. இருந்தாற் காணப்படத்தக்க பொருள் காணப்படாவிடத்தே இன்மை துணியப்படும். சாதாரண ஈ.சி.ஜி. பதிவு ஏறக்குறைய 10 விநாடியளவினது. நிமிடத்திற்கு 72 முறை துடிக்கும் நெஞ்சு ஒரு நாளில் 1,03,680 முறை துடிக்கின்றது. அப்பதிவிற் காணப்படுவனவோ 12 துடிப்புக்கள். ஹோல்டர் என்னுங் கருவி 24 மணிநேரம் பதியுமாயினும், வாரத்திற்கு ஒருமுறை வரும் படபடப்பு அதற்குந் தப்பிவிடலாம். அஞ்சியோகிராம் நெஞ்சின் பெருங் குருதிக்குழாய்களைக் காட்டும். மிக நுண்ணிய குழாய்களின் குறையைக் காட்டமாட்டாது. அத்தகைய குறையால் மெய்யாகவே மார்புநோவு உறுவார் உளர். அவருட் பெண்கள் மிகுதி. ஆதலின் "ஒன்றுமில்லை" என்னாது, "இப்பரிசோதனைகள் காட்டத்தக்க கேடு ஒன்றுங் காணப்படவில்லை" என்பதே செவ்விய மொழியாம்.

இனி, நோவுடையார்க்கும் அளவையியல் ஓர் எல்லை வகுக்கின்றது. நெஞ்சு நோகின்றது என்பது காட்சி. மாரடைப்பு வந்துவிட்டது என்பது கருதல். காட்சி பிழையாதவிடத்தும் கருதல் பிழைபடும். புகையைக் கண்டு நெருப்பைத் துணிவது முறை. ஹப்புத்தளை மலையில் எழும் மூடுபனியைப் புகையென்று மயங்கி நெருப்பைத் துணிவது போலியாம். பனியுந் தோன்றியதே, தோற்றத்திற் பொய்யில்லை, காரணத்தைக் கொண்டதிலேயே பிழை. காரணங் காணுங் கருதலை அதிற் பயின்ற வைத்தியர்க்கு விடுதல் வேண்டும். வைத்தியர் நோவை மறுப்பதும், நோயாளர் காரணத்தைத் தாமே முடிவுகட்டுவதும் ஒன்றன் எல்லையில் மற்றொன்று புகுவதேயாம்.

இந்நோவு புதியதுமன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சுப் படபடப்பும் மார்புநோவும் உற்ற படைவீரர் 300 பேரைப் பற்றி டா கோஸ்டா என்னும் வைத்தியர் 1871இல் எழுதினார். முதல் உலகப் போரில் இத்தகைய வீரரைத் தொமஸ் லூயிஸ் என்னும் பிரித்தானிய வைத்தியர் படிப்படியான உடற்பயிற்சியால் தேற்றினார். பின்னர் அமெரிக்க வைத்தியர் சிலர் இந்நோவுடைய 173 பேரை 20 ஆண்டு கழித்து ஆராய்ந்து, அவர்தம் ஆயுள் குறையவில்லை என்று 1950இல் வெளியிட்டனர். நோவு பலரிடத்து நீங்காதிருந்தது. உயிர்க்கோ கேடு நேரவில்லை. இதனால் அறியத்தக்கது, நோவு மெய்யாதலும் அதனோடு நெடுங்காலம் வாழ்தலும் தம்முள் முரணாமை என்க.

நோவு நீடித்தற்கு ஏது யாது? நெஞ்சு சிலபோது ஒரு துடிப்பை முற்படத் துடித்து, சிறிது நின்று, அடுத்த துடிப்பை வலிதாகத் துடிக்கும். நோயற்றாரிடத்தும் இஃது உண்டு. அதனை உணர்ந்தவர் அஞ்சுகின்றார்; அச்சத்தால் உடம்பிற் சுரக்கும் அதிரினலின் துடிப்பை மேலும் விரைவிக்கின்றது; விரைவு அச்சத்தைப் பெருக்குகின்றது. பேரச்சங் கண்டவர்க்கு இச்சுழல் எளிதிற் பிடிக்கும். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அதனைக் கண்டு பிழைத்தவர், இரவில் மழை வலுக்குந்தோறும் நெஞ்சு படபடப்பாராயின், அவரைப் பாசாங்கர் என்னத் துணிவார் யார்?

ஆகவே செய்யத்தக்கன சில. முதலாவது, இரத்தச்சோகை, தைரொயிட்டுச் சுரப்பியின் மிகை ஆகிய ஏதுக்கள் ஆராயப்பட்டனவா என வைத்தியரை வினவுதல். இரண்டாவது, படபடப்பு வந்த நாள், நேரம், அப்போது செய்த வேலை, நீடித்த அளவு என்பவற்றை ஒரு கொப்பியிற் குறித்து அவரிடங் காட்டுதல். எழுதவறியாத் தாயார்க்கு அவர் பிள்ளை எழுதிக்கொடுக்கலாம். மூன்றாவது, பல வைத்தியரிடத்து அலையாது ஒருவரையே பற்றி நிற்றல். நான்காவது, கடுஞ்சாயத் தேநீரையும் வெற்றிலையோடு கூடிய புகையிலையையுங் குறைத்து, உறக்கத்தைக் காத்தல். ஐந்தாவது, நாடியை ஓயாது தொட்டுப் பார்த்தலை ஒழித்து, மூச்சை மெல்லென நீள விட்டு, வைத்தியர் இசைந்த அளவு நடத்தல். மனநல வைத்தியரிடம் செல்லுமாறு சொல்லப்படின் அதனை இழிவென்று கருதற்க. அச்சமும் உடம்போடு கூடிய நிகழ்ச்சியே.

எனினும் பழைய நோவென்று எப்போதும் அசட்டையாயிருத்தல் தகாது. மார்பு இறுகி வியர்த்தல், நோவு இடக்கைக்கோ தாடைக்கோ பரவுதல், மயங்கி வீழ்தல், முன்னிலாத வகையில் மூச்சடைத்தல் என்பன தோன்றின், உடனே 1990 என்னும் இலக்கத்தாற் சுவசெரிய வண்டியை அழைத்தல் வேண்டும். முன்னைப் பரிசோதனை முன்னை நாளுக்கே சான்று, இன்றைக்கு அன்று.

"எல்லாம் வினைப்பயன், நுகர்ந்தே கழித்தல் வேண்டும், மருந்து எதற்கு?" என்பாரும் உளர். நோவு வினைப்பயனாயின், அதனைத் தணிக்கும் மருந்தும் அன்பரின் துணையும் அவ்வினைவழியே கூட்டப்படுவனவாம். பிறர் நோவிற்கு வினையைக் காரணங்காட்டித் தாம் வாளாவிருத்தல் சாத்திரமன்று, இரக்கமின்மையே. திருநாவுக்கரசர் சூலைநோயால் வருந்திய வரலாற்றை நாம் மாணவர்க்கு ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். தீர்க்க முயன்றோர் தம்மால் ஆகாமை கண்டு கைவிட்டனர். திலகவதியாரோ தம்மை அடைந்த தம்பியாரை நோவிற்குச் சான்று கேளாது ஏற்று, திருநீறு அளித்துத் திருக்கோயிலுக்கு உடன் அழைத்துச் சென்றார். தீர்க்க இயலாமை குற்றமன்று, கைவிடுதலே குற்றம்.

ஆசிரிய நண்பர்களே! பரீட்சை நாளில் நெஞ்சு படபடக்கின்றது என்னும் மாணவியை "நடிக்கின்றாய்" என்று கடியற்க. "சாகப்போகின்றாய்" என்னுமாறு பதறவும் வேண்டா. அருகிருத்தி, "நோகின்றது என்பதை நம்புகின்றோம், ஏன் நோகின்றது என்பதை வைத்தியரைக் கொண்டு அறிவோம்" என்று கூறுதல் போதும். இவ்விரு வாக்கியங்களுள் முன்னையது இல்லையேல் அவள் தனித்து வருந்துவாள். பின்னையது இல்லையேல் அச்சத்தில் மூழ்குவாள். இரண்டையுஞ் சேரச் சொல்லுதல் கற்றார் கடனாம்.