இறகுப் பேனா பிடித்த சிறுவன்

சுவிட்சர்லாந்தின் நியூஷாடெல் அருங்காட்சியகத்தில், சிறு மேசை முன் ஒரு சிறுவன் உட்கார்ந்திருக்கிறான். வாத்து இறகை மையில் தோய்த்து, சொட்டாதபடி உதறிவிட்டு எழுதத் தொடங்குவான்; கண்கள் எழுத்தின் பின்னாலேயே போகும்.

அவன் பொம்மை! கடிகாரக் கலைஞர் பியேர் ஜாக்கே-துரோ, மகனோடும் லெஷோ என்ற கலைஞரோடும் சேர்ந்து 1774-க்குள் முடித்த வேலை. சுமார் 6,000 உறுப்புகள், அத்தனையும் அந்தச் சின்ன உடம்புக்குள். முதுகைத் திறந்தால் அடுக்கடுக்காக உலோகத் தட்டுகள். அவற்றின் விளிம்பிலுள்ள மேடுபள்ளங்கள்தாம் கையை நடத்துகின்றன. உள்ளிருக்கும் சக்கரத்தை மாற்றி அமைத்தால், 40 எழுத்துக்குள் வேறு வாசகமும் எழுதுவான். மின்சாரம் கிடையாது, முறுக்கிவிட்ட சுருள்வில் மட்டும். ஒவ்வொரு மேட்டையும் கையாலேயே அராவிய அந்தப் பொறுமையை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

இன்றும் அவன் எழுதுகிறான்.