பரிசும் கூலியும்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகளாகச் சிதறிக் கிடக்கிறது ஷெட்லாந்து. மொத்த மக்கள்தொகை சுமார் 23,000. ஆகஸ்ட் மாதத்தில் அங்கே வோ, வால்ஸ், கன்னிங்ஸ்பர்க் முதலிய ஊர்களில் வேளாண் கண்காட்சி நடக்கும். ஆட்டுக்கும் மட்டக்குதிரைக்கும் பரிசு கொடுக்கும் அதே நாளில் பின்னலுக்கும் பரிசு உண்டு. ஸ்வெட்டர், காலுறை, கையுறை, சால்வை என்று ஊரார் பின்னியவையெல்லாம் பார்வைக்கு வரும். பிள்ளைகள் பின்னியதும் வரும்.

பின்னல் தெரிந்தவர்கள் ஆடையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டார்கள். இத்தீவுகளில் ஒன்றின் பெயரைக் கொண்ட ஃபேர் ஐல் பின்னலில் ஒரு வரிசைக்கு இரண்டு நிறங்களுக்கு மேல் வருவதில்லை. ஒரு நிறம் முன்பக்கம் கண்ணியாக விழும்போது மற்றது பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஓட்டம் இறுகினால் துணி சுருங்கும். தளர்ந்தால் போடும்போது விரல் மாட்டும். முன்பக்கத்து அழகு யார் கண்ணுக்கும் தெரியும். உள்ளே இருக்கும் ஒழுங்கைத் தானும் பின்னுகிறவர்தான் மதிப்பிட முடியும். ஊர்க் கண்காட்சியின் பெருமை இதுதான்: அங்கே பார்க்க வருகிறவர்களில் பலர் அந்த வேலையைச் செய்தவர்கள்.

ஆனால் இந்தப் பாராட்டுக்குப் பின்னால் நீண்ட கடன் ஒன்று இருக்கிறது.

ஷெட்லாந்துப் பெண்கள் இடுப்பில் ஒரு தோல்பட்டை கட்டுவார்கள். அதில் குதிரைமயிர் திணித்த சிறு திண்டு. திண்டு முழுக்கத் துளைகள். ஊசியின் ஒரு முனையைத் துளையில் செருகிவிட்டால் அதைத் தாங்கும் வேலை கைக்கு இல்லை, இடுப்பு பார்த்துக்கொள்ளும். அதனால் நடந்துகொண்டே பின்னலாம். அடுப்பெரிக்கும் பீட் கட்டிகளை முதுகுக் கூடையில் சுமந்தபடி பின்னிக்கொண்டு போகும் பெண்களின் பழைய புகைப்படங்கள் நிறைய உண்டு. உழைப்பின் அழகு என்று அவற்றைச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். கையைச் சும்மா வைத்திருக்க ஒரு நிமிடமும் வசதியில்லாத வாழ்க்கைதான் எனக்கு அவற்றில் தெரிகிறது.

அப்படிப் பின்னியதற்கு அவர்களுக்குக் கிடைத்தது என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலும் பணம் கிடைக்கவில்லை. சால்வையை வாங்கிக்கொண்ட வியாபாரி தன் கடைச் சரக்கையே கூலியாகக் கொடுத்தார்: தேயிலை, பருத்தித் துணி, இப்படி. வீட்டுக்குத் தேவை மாவும் உருளைக்கிழங்கும். கையில் வந்த தேயிலையைத் தூக்கிக்கொண்டு போய் உணவுப்பொருளுக்கு மாற்றிய பெண்கள் இருந்தார்கள். இந்தக் கூலிமுறை பற்றி 1872இல் அரசு ஆணையர் வில்லியம் கத்ரி தீவுகளுக்கு வந்து சாட்சியம் எடுத்தார். பின்னிய பெண்களே அவர் முன் பேசினார்கள். அவர்கள் சொன்னவை அறிக்கையில் அச்சாகிப் பதிந்திருக்கின்றன. சரக்கைக் கூலியாகக் கொடுப்பது பற்றிய சட்டமும் 1887இல் திருத்தப்பட்டது. ஆனாலும் சரக்குக்குச் சரக்கு என்ற வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது.

அதே காலத்தில் பாராட்டுக்குக் குறைவே இல்லை. அன்ஸ்ட் தீவின் மெல்லிய லேஸ் சால்வை, கல்யாண மோதிரத்துக்குள் நுழைந்து வெளியே வரும் என்று பேர் வாங்கியது. 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியில் ஷெட்லாந்து லேஸ் பின்னல் இடம்பெற்றது. 1920களில் வேல்ஸ் இளவரசர் ஃபேர் ஐல் ஸ்வெட்டர் அணிந்து கோல்ஃப் ஆட, அது பெரிய நாகரிகமாகப் பரவியது. புகழ் உலகத்தைச் சுற்றியபோதும் பின்னிய வீட்டில் கடன் கணக்கு அப்படியே இருந்தது. பாராட்டு கூலியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது நடக்கும் அநியாயம் இது. ஷெட்லாந்தில் மட்டும் நடப்பதல்ல. வீட்டுக்குள்ளிருந்து பெண்கள் செய்யும் கைவேலை எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் நடக்கிறது.

1970களில் வடகடல் எண்ணெய் வந்தது. சல்லம் வோவில் முனையம் எழுந்தது. மாதச் சம்பளத்துக்கு வேலை கிடைத்தது. பலர் ஊசியைக் கீழே வைத்தார்கள். பாரம்பரியம் போகிறதே என்று அவர்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நியாயமான சம்பளம் வந்த அன்றே ஒரு கைவேலையை மக்கள் விடுகிறார்கள் என்றால், அதுவரை அவர்களுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனாலும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்துவந்தார்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்று 2010இல் தீவுகளின் மன்றம் அதையும் நிறுத்தியது. தீவுக்குப் பயணிகளை அழைக்கும் ஷெட்லாந்துக் கம்பளி வாரம் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். பல நாடுகளிலிருந்து இன்று அதற்கு ஆட்கள் வருகிறார்கள். நூல் வாங்குகிறார்கள், கற்றுக்கொள்கிறார்கள். அதனால் வருமானமும் வருகிறது; அது நல்லதே. உள்ளூர்ப் பிள்ளைக்குக் கற்றுத்தரும் பொறுப்போ பின்னர் பீரி மாக்கர்ஸ் என்ற திட்டத்தின் மேல் விழுந்தது. ஊர்ப் பின்னல்காரர்கள் தம் நேரத்தை ஒதுக்கிச் சிறு குழுக்களாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர்களை வணங்கத்தான் வேண்டும். கூலியில்லாத உழைப்பு மறுபடியும் அவர்கள் தலையிலேயே விழுந்திருப்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

பின்னல் புத்தகம் பார்த்து முழுதாக வருவதில்லை. நூலை எவ்வளவு இழுக்கலாம், எங்கே விடலாம் என்பது பக்கத்தில் உட்கார்ந்து கை பார்த்துக் கை பழகுவது. ஒரு தலைமுறை இடைவெளி விட்டால் அடுத்த தலைமுறைக்குச் சொல்லித்தர ஆள் இருக்காது. மிச்சப்படுத்திய தொகை எத்தனை சிறியதோ, இழப்பு அத்தனை பெரியது.

ஆகவே கண்காட்சிப் பரிசை நான் குறைத்துப் பேசவில்லை. சக உழைப்பாளி உட்புறத்தைத் திருப்பிப் பார்த்துத் தலையசைப்பதற்கு ஈடான மரியாதை வேறு இல்லை. ஆனால் பரிசு வருஷத்தில் ஒரு நாளுக்கு உரியது; வேலை மற்ற நாட்களிலெல்லாம் நடக்கிறது. பின்னிய மணிநேரத்தைக் கணக்கில் எடுத்து விலை வைப்பதும், கற்றுத்தருகிறவருக்குப் பொதுப்பணத்தில் சம்பளம் கொடுப்பதும் தயவு அல்ல. நூறாண்டுக்கு மேல் பாக்கி நிற்கும் கூலியில் ஒரு சிறு பங்கு அது. கைவேலையைப் போற்றுகிற சமூகம் அதைக் கொடுத்த பிறகு கைதட்டட்டும்.