படியேறிய உயிர்



நாற்கதிகளில் சுழன்று வரும் உயிர்களுள் விலங்குகதியில் பிறந்தவை படும் துன்பம் பெரிது. தம் துன்பத்தை வாய்விட்டுச் சொல்ல அவற்றால் இயலாது. அதனைக் கண்டுணரும் கடமை நம்முடையதாகிறது. இக்கடமையை நாம் நூல்களில் கற்றிருந்தோம். ஆயினும் அதனை உள்ளத்தில் பதியச் செய்தது நல்லூரில் உள்ள எம் இல்லத்தின் மாடிப்படியும், அதன் கீழ்நின்று நடுங்கிய ஒரு நாயுமே ஆகும்.

திருப்பூரைச் சார்ந்த நல்லூரில் கீழே தையற்கூடமும் மேலே குடியிருப்புமாக அமைந்த வீடுகள் பல. வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடி இங்கு வந்த எம் குடும்பமும் அத்தகைய வீட்டிலேயே வாழ்கிறது. ஊர்ப் பந்தயங்களில் ஓடிக் கால் தளர்ந்தபின் கைவிடப்பட்ட வேட்டை நாய் ஒன்று எம் வாயிலில் வந்து கிடந்தது. ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், பின்னங்காலில் ஆறாத வடு. குழந்தைகள் அதற்கு மணி என்று பெயரிட்டனர்.

எம் குடும்பத்து முதியவர் அப்போது ஒரு வினா எழுப்பினார். “பூனை, நாய் முதலிய கொல்லும் இயல்புடைய விலங்குகளை வளர்த்தல் இல்லறத்தாருக்கு ஏற்றதன்று எனப் பெரியோர் விலக்கியிருக்க, நாம் இதனை ஏற்கலாமா?” என்பது அவ்வினா. தள்ளிவிடத்தக்க வினா அன்று அது. பயனின்றிப் பாவத்திற்குத் துணைபோவதைத் தவிர்க்கும் விரதத்தின்கண் இவ்விலக்கு கூறப்பட்டுள்ளது. வேட்டைக்காகவும் பெருமைக்காகவும் ஒரு விலங்கைப் பேணினால், அது செய்யும் கொலையில் நமக்கும் பங்கு உண்டு. ஆனால் புகலிடமின்றி வந்த உயிரைக் காத்தல் அபயதானம். அதன் புண்ணுக்கு மருந்திடுதல் ஔஷததானம். பசி தீர்த்தல் ஆகாரதானம். எனவே முதியவர் இரண்டு நிபந்தனைகளோடு இசைந்தார். அதனை எவ்வுயிரையும் துரத்த விடலாகாது. அதற்கு இடும் உணவு நம் அடுக்களையின் உணவாகவே இருத்தல் வேண்டும். கால்நடை மருத்துவரைக் கலந்து பருப்புச்சோறும், தயிர்ச்சோறும், அவர் குறித்துத் தந்த சத்துப் பொடியும் கொடுத்து வந்தோம்.

கீழே தையல் இயந்திரங்களின் ஓசை அதனை ஓயாது நடுங்க வைத்தது. இரவில் தனித்துக் கிடந்து ஊளையிட்டது. மேலே அழைத்துச் செல்ல முயன்றபோதுதான் அதற்குப் படி என்பதே தெரியாது என அறிந்தோம். பிறந்தது முதல் தொழுவத்திலும் சமதரையிலும் வளர்ந்த நாய் அது. காற்றாய் ஓடக் கற்ற கால்களுக்கு ஒரு படியின்மேல் பாதம் வைக்கத் தெரியவில்லை.

இங்கே நாங்கள் செய்த பிழையை மறைத்தல் கூடாது. கழுத்தில் கயிறிட்டு இழுத்தோம். பளிங்காய் வழுக்கும் கருங்கற் படியில் அதன் கால்கள் பரந்தன. நகம் ஒன்று பெயர்ந்து குருதி கசிந்தது. அதன்பின் படியைக் கண்டாலே அது தரையோடு தரையாய் ஒடுங்கிற்று.

கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் வகுத்துள்ளார். கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. பந்தயத்திற்கு ஓட்டியவர்களை இவ்வைந்தாலும் குறைகூறிக்கொண்டிருந்த நாம், அன்பின் பெயராலேயே அவற்றுள் முதலாவதைச் செய்துவிட்டோம்! அன்று மாலைப் பிரதிக்கிரமணத்தில் அக்கயிறே எம் நினைவில் நின்றது.

பின்னர் மருத்துவர் கூறிய முறையைக் கைக்கொண்டோம். முதலில் வழுக்கலை நீக்க வேண்டும். கையில் கிடைத்த பனியன் துணியை விரித்தோம். அது கல்லைவிட மிகுதியாய் வழுக்கியது. பிறகு சணற்சாக்கை ஒவ்வொரு படியோடும் இறுக்கிக் கட்டினோம். கழுத்துக் கயிற்றை நீக்கி, மார்பைச் சுற்றிய பட்டையை அணிவித்தோம். ஒருவர் பக்கத்தில் நின்று அப்பட்டையைத் தளர்வாய்ப் பற்றிக்கொள்வார். மற்றொருவர் பின்னே நின்று அது சரியாதபடி இடுப்பைத் தாங்குவார். முன்னங்கால் ஒன்றைக் கையால் எடுத்து முதற்படியில் வைத்து, அது அமையும்வரை காத்திருந்து, அடுத்த காலை வைப்பார். பின்னர்ப் பின்னங்கால்கள். முதல் நான்கு நாட்கள் மூன்று படிகளோடு நிறுத்திக்கொண்டோம். ஏறுவதைவிட இறங்குவது அதற்குக் கடினம். உடலின் பாரம் முழுதும் முன்னங்கால்களில் விழ, கண்ணெதிரே பள்ளம் தெரியும். அஞ்சிய நாய் ஒரே தாவலில் கீழே குதிக்க முயலும். மெலிந்த கால் முறிந்துவிடும். ஆகவே கடைசிப் படியில் நிறுத்தி அங்கிருந்து இறங்கக் கற்பித்தோம். அடுத்து இரண்டு, அடுத்து மூன்று. மூன்று வாரம் கழித்து ஒரு காலைப்பொழுதில் எவர் துணையுமின்றி மணி மேலேறி வந்து, நாங்கள் தோத்திரம் ஓதும் அறையின் வாயிலில் படுத்துக்கொண்டது.

சான்றோர்களே! உயிரின் வளர்ச்சியையும் நம் ஆகமங்கள் படிகளாகவே கூறுகின்றன. குணஸ்தானங்கள் பதினான்கு. எம் வீட்டுப் படிகளோ பதினெட்டு. எண்ணிக்கை பொருந்தவில்லை, பாடம் பொருந்தியது. பதினோராம் நிலையாகிய உபசாந்த மோகத்தில் மோகம் அழிவதில்லை. தேற்றாங்கொட்டை இட்ட நீரில் சேறு அடியில் படிவதுபோல் அடங்கி மட்டுமே இருக்கும். அது மீண்டும் கலங்கும்போது அவ்வளவு உயர ஏறியவரும் இறங்க நேரும். கயிறிட்டு இழுத்தபோது அந்நாயின் அச்சத்தை அடக்கத்தான் முயன்றோம். அது பெருகி எழுந்தது. பொறுமையோடு ஒவ்வொரு படியாய்க் கற்பித்தபோது அச்சம் தேய்ந்தது. நம் பிள்ளைகளுக்கு அறம் கற்பிப்பதும் இவ்வாறே அன்றோ?

இன்னும் ஒன்று உண்டு. மனமுள்ள ஐம்பொறி விலங்குகள் ஐந்தாம் குணஸ்தானம்வரை ஏறக்கூடும் என்பது நம் சித்தாந்தம். இல்லறத்தாராகிய நாம் அணுவிரதம் ஏற்று நிற்கும் படியும் அந்த ஐந்தாம் படியே! பகவான் மகாவீரரின் உயிர் முற்பிறவி ஒன்றில் சிங்கமாய் இருந்தபோது சாரணர் இருவரின் அறவுரை கேட்டு விரதம் ஏற்றது. சீவக சிந்தாமணியில், அடியுண்டு உயிர்துறக்கும் நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான்; அது சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னர் அவனுக்கே இடரில் துணைநிற்கிறது. திருத்தக்க தேவர் பாடிய இக்கதையைக் கேட்டு வளர்ந்த நாம், வாயிலில் கிடக்கும் நாயை இழிபிறவி என்று எவ்வாறு ஒதுக்க இயலும்?

உலகின் பிற பகுதிகளிலும் இவ்வுணர்வு எழுந்துள்ளது. மக்காவ் நகரில் 1963 முதல் தொடர்ந்து நடந்த நாய்ப் பந்தயத் தடம் 2018 ஜூலையில் மூடப்பட்டது. அங்கு எஞ்சிய 500-க்கும் மேற்பட்ட நாய்களுக்கு அனிமா என்னும் அமைப்பு பல நாடுகளில் இல்லங்கள் தேடித் தந்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநில மக்கள் 2018 நவம்பரில் வாக்களித்து, 2020 இறுதியோடு அங்கு நாய்ப் பந்தயத்தை நிறுத்தினர். அத்தடங்களில் நாய்கள் துரத்துவது உயிருள்ள முயலன்று; இயந்திரம் இழுத்துச் செல்லும் பொய் முயல். வலிமை முழுவதையும் செலவிட்டு வட்டமிட்டு, புறப்பட்ட இடத்திற்கே வந்து சேரும் அந்த ஓட்டம் நம் பிறவிச் சுழற்சியை நினைவூட்டவில்லையா? சரக்குக் கப்பலேறும் நாளையும் வட்டித் தவணையையும் எண்ணி நல்லூரில் நாம் ஓடும் ஓட்டமும் பெரும்பாலும் அத்தகையதே.

கொங்கு வேளிர் பெருங்கதை பாடிய கொங்கு மண்ணில், விஜயமங்கலத்துச் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஆலயம் நிற்கும் இப்பகுதியில் வாழும் நாம், ஆலயத்திற்குச் செல்லும் நாளில் மட்டும் அறவோராய் இருத்தல் போதாது. வழுக்கி நிற்கும் உயிர் மனிதராயினும் விலங்காயினும் அதனை இழுக்காமல், இகழாமல், பின்னே நின்று தாங்குவோம். நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்றாகிய நிலைநிறுத்தல் தளர்ந்தவரை அறத்தில் நிறுத்துவதைக் குறிக்கும். அதற்கு வேண்டிய பொறுமையை எமக்குப் பயிற்றுவித்த ஆசான் அந்த நாயே.

சணற்சாக்குகள் இன்னும் எம் படிகளில் உள்ளன. மணிக்கு இப்போது அவை தேவையில்லை. மூட்டுவலியால் படியேற அஞ்சிய எம் குடும்பத்து முதியவர், அவற்றை அவிழ்க்க வேண்டாம் என்று கூறிவிட்டார்.

எல்லா உயிர்களும் இன்புறுக! ஓங்குக ஜின அறம்!