காண்டல், கருதல், உரை: சிதைந்த ஆலையின் மாதிரியுருவும் வாய்மையும்

தமிழில் ‘அளவை’ என்னும் சொல் இருபொருள் உடையது. நீளத்தையும் நிறையையும் கொள்ளளவையும் அறிய உதவுவது அளவை. மெய்ம்மையை அறிதற்கு வாயிலாக அமைவதும் அளவையே. முன்னையது வணிகருக்கும் தச்சருக்கும் உரியதென்றும், பின்னையது தருக்க நூலாருக்கு உரியதென்றும் பிரித்து எண்ணுவது வழக்கம். இவ்விரு பொருளும் ஒன்றையொன்று தொடும் இடமொன்று அண்மைக்காலப் பொறியியலில் தோன்றியுள்ளது. கட்டடங்களையும் தொழிற்சாலைகளையும் லேசர் ஒளியால் அளந்து, அவ்வளவீடுகளைக் கணினியிற் பயன்படத்தக்க மாதிரியுருவாக மாற்றும் தொழிலே அது. வெறும் நுட்பத் தொழிலாகத் தோன்றும் இதனுள் அறவியல் வினாவொன்று மறைந்துள்ளது. காணப்படாத ஒன்றைக் கண்டதுபோலக் காட்டுவதற்கு ஒருவருக்கு எவ்வளவு உரிமை உண்டு என்பதே அவ்வினா.

தொழிலின் இயல்பை முதலில் நோக்குதல் தகும். முக்காலியின்மீது நிறுத்தப்பட்ட கருவி லேசர் ஒளிக்கற்றையை எல்லாத் திசைகளிலும் செலுத்துகிறது. ஒளி ஒரு பரப்பிற் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டோ, அதன் அலைநிலை மாற்றத்தைக் கொண்டோ தூரம் கணிக்கப்படுகிறது. விநாடிக்கு இலட்சக்கணக்கான புள்ளிகள் இவ்வாறு பதிவாகின்றன. ஓரிடத்திலிருந்து காணமுடியாததைக் காண்பதற்காகக் கருவி பல இடங்களில் நிறுத்தப்படுகிறது. பின்னர் பொதுவான அடையாளங்களைக் கொண்டு பதிவுகள் ஒன்றாக இணைக்கப்படுகின்றன. இறுதியிற் கிடைப்பது ஒரு புள்ளித்திரள். அதிற் சுவர் இல்லை, குழாய் இல்லை, தூண் இல்லை; இடம் குறித்த புள்ளிகள் மட்டுமே உண்டு.

அத்திரளைப் பயன்படத்தக்கதாக ஆக்குவோர் அதற்குப் பெயரிட வேண்டியவராகின்றனர். வளைந்த பரப்பொன்றிற் கிடக்கும் புள்ளிகளுக்கு உருளை வடிவம் பொருத்தப்பட்டு, அது ‘குழாய்’ எனப்படுகிறது. அதன் விட்டம், சந்தையில் வழங்கும் நியம அளவுகளுள் மிக அண்மையானதாகத் திருத்தப்படுகிறது. தூண் செங்குத்தானதென்றும் சுவர் தட்டையானதென்றும் கொள்ளப்படுகின்றன. ஒளி எட்டாத மறைவிடங்கள் ஊகத்தால் நிரப்பப்படுகின்றன. தேவையற்றவை எனக் கருதப்படும் புள்ளிகள் ‘இரைச்சல்’ என நீக்கப்படுகின்றன.

சைவசித்தாந்த மரபிற் பயின்றோருக்கு இந்நிகழ்ச்சி புதியதன்று. அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், அளவைகளைப் பலவாக விரிப்போர் உளரெனினும் அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்று கொள்கிறது. ஏதோ ஒரு பொருள் உண்டு என்ற அளவில் நிற்கும் அறிவை நிர்விகற்பக் காட்சி என்றும், பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்பவற்றோடு கூடிய அறிவைச் சவிகற்பக் காட்சி என்றும் அம்மரபு பகுத்தது. புள்ளித்திரள் முன்னையதை ஒத்தது. மாதிரியுரு பின்னையதை ஒத்தது. மறைவிடங்களை நிரப்புவது கருதல். புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வது போன்றது. ஆலையிற் பணிபுரிந்தோரின் வாய்மொழியும் பழைய வரைபடங்களும், ஆகமப் பிரமாணத்துக்கு நிகராகாவிடினும், பிறர் சொற்கொண்டு அறியும் வகையில் உரையின்பாற் படுவன.

கருதலும் உரையும் இழிந்தவை அல்ல. அவையின்றி அறிவு முழுமை பெறாது. இன்னது கண்டது, இன்னது கருதியது, இன்னது கேட்டது என்னும் வேறுபாடு அழிந்துபோகும்போதே பிழை தொடங்குகிறது. கணினித் திரையிலே மூன்றும் ஒரே நிறத்தில், ஒரே கூர்மையில், ஒரே உறுதியோடு தோன்றுகின்றன. ஐயத்துக்குரியது ஐயமற்றதன் உடையை அணிந்து நிற்கிறது.

இதனால் விளையக்கூடிய தீங்கை வன்னிப் பெருநிலத்தின் ஓர் ஆலையைக்கொண்டு விளக்கலாம். ஆனையிறவு உப்பளத்தின் உப்பை மூலப்பொருளாகக் கொண்டு எரிசோடாவும் குளோரினும் ஆக்குவதற்கென 1950களில் அரசு பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலையை நிறுவியது. உப்புக் கரைசலினூடு மின்னைச் செலுத்த, ஒரு முனையிற் குளோரின் பிரிகிறது. மறுமுனையில் ஐதரசன் வெளிப்பட எரிசோடா உண்டாகிறது. குடிநீரைத் தூய்மையாக்கும் குளோரினும், சவர்க்காரத்துக்கு வேண்டிய எரிசோடாவும் வன்னி மண்ணிலிருந்து கிடைத்தன. போர்ச்சூழல் காரணமாக 1985இல் உற்பத்தி நின்றது. பின்னர் ஆனையிறவிலும் பரந்தனிலும் மாறிமாறி நடந்த போர்களிடையே ஆலை சிதைந்தது. நாட்டுக்கு வேண்டிய குளோரின் இறக்குமதிப் பொருளாயிற்று. 2009இன் பின்னர் ஆலையை மீள நிறுவும் எண்ணம் பலமுறை பேசப்பட்டுள்ளது.

இத்தகைய ஆலையொன்றின் எச்சங்களை லேசரால் அளந்து மாதிரியுரு ஆக்க முற்படுவோர் இருவேறு நோக்குடையவராக இருத்தல் கூடும். ஒருவர் மீளக் கட்டுவதற்காக அளப்பவர். மற்றவர் நினைவிற் பேணுவதற்காக அளப்பவர்.

முதலாமவருக்கு வேண்டியது பயன்பாடு. அவர் மாதிரியுருவை நம்பிப் புதிய குழாய்களை வேறோரிடத்திற் செய்வித்துக் கொணர்வார். தொய்ந்த குழாயை நேரானதென்றும், சாய்ந்த தூணைச் செங்குத்தானதென்றும் மாதிரியுரு காட்டுமாயின், கொணர்ந்தது பொருந்தாது. பொருந்தாததை வலிந்து பொருத்தினால் இணைப்பிலே தகைப்பு ஏறும். குளோரின் நச்சு வாயு. அதனைக் கொண்டுசெல்லும் குழாயின் இணைப்புக் கசிந்தால் முதலிற் பாதிப்புறுபவர் அருகில் நிற்கும் தொழிலாளியே. மாதிரியுருவை ஆக்கியவர் அவரை அறியார். அவரும் ஆக்கியவரை அறியார். ஒருவர் குறிக்காது விட்ட ஊகத்துக்கு மற்றவர் மூச்சால் விலை செலுத்துகிறார்.

இரண்டாமவருக்கு வேண்டியது நினைவு. இங்கே வினா மேலும் நுண்ணியதாகிறது. குண்டு துளைத்த சுவரின் துளைகள் தட்டையான தளத்தைப் பொருத்தும் கணிப்பிற்கு இடையூறானவை. கட்டடத்தினூடு முளைத்த மரம் வடிவத்தை மறைப்பது. இவ்விரண்டையும் இரைச்சல் என நீக்கிவிட்டால் எஞ்சுவது குறைவற்ற ஆலையின் உருவம். 1985ஆம் ஆண்டுக்குப் பின் அங்கு எதுவும் நிகழவில்லை என்று அவ்வுருவம் மௌனமாகச் சான்று சொல்லும். அளவீட்டில் இரைச்சல் எனப்படுவது, அம்மண்ணின் மக்களுக்கு வரலாறு.

உலகின் பிற பகுதிகளிலும் இச்சிக்கல் உணரப்பட்டுள்ளது. ஸ்கொட்லாந்தில் செய்யப்பட்டு 1909இல் நாகசாகிக் கப்பல்தளத்தில் நிறுவப்பட்ட பெரும் பாரந்தூக்கி 1945இன் அணுகுண்டுக்கும் தப்பி நின்றது. ஸ்கொட்லாந்தின் மரபுரிமை அறிஞர்கள் அதனை லேசரால் அளந்து பதிவு செய்தனர். அத்தகைய பொருளின் வடிவத்தை மட்டும் காத்து, அது கடந்துவந்த நாளை விட்டுவிடுவது பதிவாகாது. புராதனச் சின்னங்களின் மீளமைப்பு, ஊகம் தொடங்கும் இடத்தில் நின்றுவிட வேண்டும் என்று 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் விதித்தது. கணினிவழிக் காட்சிப்படுத்தலுக்கென 2006இல் வரையப்பட்ட இலண்டன் சாசனம் ஊகத்தை விலக்கவில்லை. சான்றும் ஊகமும் வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்றே கேட்டது. பின்னையதே நடைமுறைக்கு இயைந்தது. ஊகமின்றி மாதிரியுரு அமையாது. ஊகத்தை ஒளித்தால் மாதிரியுரு வாய்மை ஆகாது.

இதற்கு மறுப்பொன்று எழலாம். பயன்படுத்துவோர் கேட்பது எளிய, தெளிந்த உருவத்தையே. ஒவ்வொரு பகுதியிலும் ஐயக்குறி இட்டால் அது பயனற்றுப்போகும். சிறு பொய் பெரும் பயன் தருமாயின் அதில் என்ன குற்றம் என்பர். வள்ளுவரும் குற்றமற்ற நன்மை பயக்குமிடத்துப் பொய்ம்மைக்கு வாய்மையின் இடத்தை அளித்தாரன்றோ எனவும் வினவுவர். ஆயின் வள்ளுவர் வைத்த நிபந்தனை நன்மை என்பது மட்டுமன்று, குற்றம் தீர்ந்த நன்மை என்பதாகும். தொய்ந்த குழாய் நேராக வரையப்பட்டிருப்பதைப் பயன்படுத்துபவர் அறிந்திருந்தால் அது சுருக்கம். அறியாதிருந்தால் அது வஞ்சனை. செயல் ஒன்றே, அறிவித்தலும் அறிவியாமையுமே அதனை இருவேறாக்குகின்றன. எளிய மாதிரியுருவை அளிப்பது தவறன்று. அதன் பின்னணியில் மூலப் புள்ளித்திரளைச் சிதையாது வைத்து, எது எதிலிருந்து பெறப்பட்டது என்பதை வேண்டுவோர் அறிய வழிசெய்தல் கடன்.

உரை என்னும் மூன்றாம் அளவையும் கவனத்துக்குரியது. போரின் இறுதிக் கட்டத்தில் வீழ்த்தப்பட்ட கிளிநொச்சி நீர்த்தாங்கி, 2009இன் பின்னர் வீழ்ந்த நிலையிலேயே காட்சிப்பொருளாக வைக்கப்பட்டு, அழிவு இனி வேண்டாம் என்னும் கருத்துடைய வாசகமும் அதனருகே பொறிக்கப்பட்டது. அதன் விரிசலையும் சாய்வையும் லேசர் மில்லிமீற்றர் அளவிற் சொல்லும். அது ஏன் வீழ்ந்தது, அதன் நீரை அருந்தியோர் எங்குச் சென்றனர் என்பவற்றை லேசர் சொல்லாது. வாசகம் எழுதும் ஆற்றல் உடையவர் ஓர் உரையை அளிப்பர். அதனருகே வாழ்ந்தோரிடம் வேறோர் உரை இருக்கும். ஒன்றை மட்டும் மாதிரியுருவோடு பிணைத்து வைத்தல், அளவீட்டின் நுண்மையை அவ்வொரு தரப்பின் கூற்றுக்கு இரவலாகக் கொடுப்பதாகும்.

பரந்தன் ஆலைக்கும் இது பொருந்தும். எந்தக் குழாய் எதனைக் கொண்டுசென்றது, எந்த மேடையில் எவர் நின்றார், எந்த வால்வு எப்போதும் இறுகிக் கிடந்தது என்பன புள்ளிகளில் இல்லை. பணிபுரிந்தோர் நினைவில் உள்ளன. 1985இல் இருபத்தைந்து வயதினராய் இருந்தோர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். கொங்கிறீற்றுத் தூண் இன்னும் சில பத்தாண்டுகள் நிற்கக்கூடும். நினைவு அவ்வளவு காலம் நில்லாது. எனவே முதலிற் பதிவு செய்யப்படவேண்டியது உரையே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலும், 2021இல் தனித்து உருவான வவுனியாப் பல்கலைக்கழகம் அப்பெருநிலத்தின் தென்பாலும் இயங்கும் இக்காலத்தில், இக்கடனை ஏற்கத்தக்க இளைஞர் அருகிலேயே உள்ளனர்.

மாதிரியுரு ஆக்குவோர் சாட்சி சொல்பவரை ஒத்தவர். கண்டதைக் கண்டதாகவும், கருதியதைக் கருதியதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் சொல்வதே சாட்சியின் அறம். அறியாததை அறியாததாகவே விடுவதற்கு அவருக்குத் துணிவும் வேண்டும். மாதிரியுருவில் நிரப்பப்படாது விடப்பட்ட ஒரு வெற்றிடம் தொழிலின் குறைபாடாகத் தோன்றலாம். பின்வருவோர் அவ்விடத்தைக் கண்டு ‘இங்கே என்ன இருந்தது?’ என்று கேட்பாராயின், நிரப்பிய உருவம் எழுப்பியிராத வினாவை அவ்வெற்றிடம் எழுப்பியதாகும்.