ஏக்கரை அளந்து கொடுத்த நீதி

சீனாவுடனான வரிச் சண்டையில் அடிபட்ட உழவர்களுக்காக அமெரிக்க அரசு 2025 டிசம்பரில் 1,200 கோடி டாலர் அறிவித்தது. 2018, 2019 திட்டங்களில் இதே காரணத்துக்காக ஏறத்தாழ 2,300 கோடி டாலர் பட்டுவாடா ஆனது. அப்போது பங்கீட்டில் இருந்த கோணலை இன்னும் யாரும் நிமிர்த்தவில்லை. நட்டப்பட்டவரைத் தேடாமல் நிலத்தை அளந்து கொடுத்த பணம் நிவாரணம் ஆகாது. ஊரார் பணத்தில் எழுதிய மொய் அது.

ஓர் எடுத்துக்காட்டு: டெலவேர் மாநிலத்தின் சசெக்ஸ் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) அட்லாண்டிக் கரையில் இருக்கிறது. கறிக்கோழி வளர்ப்பில் பேர்போன ஊர். அங்கே விளையும் சோயா பெரும்பாலும் அக்கம்பக்கத்துக் கோழிகளுக்கே தீவனம். 2018 ஜூலையில் சீனா சோயாமீது 25 சதவீத வரி போட்டது. சிகாகோ சந்தையில் விலை சரிந்ததால் கப்பலேறாத சோயாவும் மலிந்தது உண்மை. அமெரிக்க அரசு சோயா புஷலுக்கு 1.65 டாலர் கொடுத்தது. மக்காச்சோளத்துக்கு? ஒரே ஒரு சென்ட். மறு ஆண்டு கணக்கே மாறியது: கவுண்டிக்கு ஒரு வீதம், ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை. ஒரே பயிரை விதைத்த இருவர், நடுவே கவுண்டி எல்லை ஓடியதால் வெவ்வேறு தொகை வாங்கினார்கள். ஆளுக்கு 2.5 லட்சம் டாலர் உச்சவரம்பு இருந்தது. ஆனால் கூட்டுப் பண்ணையில் அண்ணன் மகனும் ஒன்றுவிட்ட தம்பியும் நிர்வாகம் பார்ப்பதாகக் காட்டினால் ஆளுக்கொரு வரம்பு. (உறவுமுறைக் கணக்கில் அமெரிக்கரும் நமக்குச் சளைத்தவர் அல்லர்.)

அதே 2018 ஜூலையில்தான் மெய்ன் மாநிலக் கரையோரத்துச் சிங்கி இறாலுக்கும் சீனா 25 சதவீதம் கூட்டியது. அந்த மீனவர்களுக்கான திட்டம் வந்தது 2020 செப்டம்பரில், பவுண்டுக்கு 50 சென்ட். கடலுக்கு ஏக்கர் கிடையாதே!

வறியவருக்குக் கொடுப்பதே ஈகை, மற்றவை பலனை எண்ணிக் கொடுப்பவை என்று வள்ளுவர் தெளிவாக வரையறுத்தார். பங்கிடும் நீதி வேறு, விளைந்த கேட்டை நேர்செய்யும் நீதி வேறு என்று அரிஸ்டாட்டில் பிரித்தார். இந்தப் பணத்தை ஈகை என்றால் வறியவர் யாரென்று பார்த்திருக்க வேண்டும். இழப்பீடு என்றால் இழப்பு எவ்வளவென்று பார்த்திருக்க வேண்டும். ஏக்கர் இரண்டையும் காட்டாது. வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனைப் பாடி, பழைய நிலவரி நிலுவையைத் தள்ளுபடி செய்யவைத்தார் என்கிறது புறநானூற்றுக் குறிப்பு. மழை பொய்த்தாலும் உலகம் வேந்தனைத்தான் பழிக்கும் என்பது புலவரின் எச்சரிக்கை. இங்கே கேடு செய்தது மழையல்ல, அரசு தானே மூட்டிய சண்டை. பழி சுமக்க வேண்டியவர்கள் கொடைவள்ளலாக மேடையேறுவதை எந்த அறநூல் ஏற்கும்?

அறுவடைக் காலத்தில் வங்கிக் கடன் கழுத்தை நெரிக்கும்போது கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, விரைவும் அறம்தான் என்பார்கள். சரி, 2018-க்கு அது பொருந்தும்.

2025-க்குப் பொருந்தாது. இடையில் ஏழு ஆண்டுகள் இருந்தன. கவுண்டி வீதம் போய், பயிர்வாரியாக ஏக்கருக்கு இவ்வளவு என்று வந்ததுதான் மிச்சம். 1933-இல் தொடங்கிய அரசின் சரக்குக் கடன் கழகத்தின் கஜானா வழியாகப் பணம் போவதால், இதற்கென்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் தனி வாக்கெடுப்பும் தேவைப்படவில்லை. அப்படியொரு விவாதம் நடந்திருந்தால், சசெக்ஸ் உழவர் உள்ளபடி விற்ற விலை என்ன, வாங்கிய உதவித்தொகை என்ன என்று ஓர் உறுப்பினராவது கேட்டிருப்பார்.