கழித்த ஆடையும் தன்மானமும்

பிறர் கழித்த ஆடையை அணிதல் இழிவாகுமா? கானாவின் தலைநகரான அக்ராவிலுள்ள கந்தமாந்தோ சந்தைக்கு மேலைநாடுகளிலிருந்து வந்துசேரும் பழைய உடைகளை, ‘இறந்த வெள்ளையனின் ஆடைகள்’ என மக்கள் அழைப்பர். உயிரோடிருப்பவன் இத்துணை நல்லவற்றைக் கழிப்பானா என்ற ஐயமே அப்பெயரைத் தந்தது என்பர். அங்குள்ள தையற்காரர் அவற்றைப் பிரித்து, அளவு திருத்தி, அலுவலகத்துக்கும் ஏற்ற அழகிய உடைகளாக்குகின்றனர். தேர்ந்தெடுக்கும் கண்ணிலும் திருத்தும் கையிலும் இழிவு எங்குளது?

ஆயினும், 2016இல் ருவாண்டா உள்நாட்டு ஆடைத்தொழிலையும் தன்மானத்தையும் முன்னிறுத்தி, இவ்வாடைகளின் இறக்குமதித் தீர்வையைப் பன்மடங்கு உயர்த்தியது. அதன் விளைவாக, 2018இல் அந்நாட்டு ஆடைகளுக்கான தீர்வைச் சலுகையை அமெரிக்கா இடைநிறுத்தியது. வேண்டாம் என்பதற்கும் விலை கொடுக்க நேரின், அங்கு தெரிவு ஏது? எனவே இழிவு பழைய ஆடையில் இல்லை. அதனை மறுக்கும் உரிமையைப் பறிப்பதிலேயே உளது.