பலம் விலைக்குக் கிடைக்குமா?

அரிசியும் பருப்பும் விற்கிற வியாபாரி, தான் விற்பது இன்னதென்று அறிந்தே விற்கிறான். கையில் அள்ளிப் பார்க்கிறான், முகர்ந்து பார்க்கிறான், வண்டு விழுந்திருந்தால் சலித்து ஒதுக்குகிறான். ஆனால் இக்காலத்தில் நம் கடை அலமாரிகளில் வந்து அமர்ந்திருக்கும் ஒரு சரக்கை அள்ளிப் பார்க்கவும் முடியாது, முகர்ந்து பார்த்துப் பயனுமில்லை. முத்திரையிட்ட புட்டியில், மலை போன்ற புஜங்களுடைய ஒருவனின் படத்தோடு அது வருகிறது. தேகபலம் தரும், களைப்பின்றி நெடுநேரம் நிற்கவைக்கும் என்று அதன்மேல் அச்சிட்டிருக்கிறது. வாங்க வருகிறவர்களில் பலர் மீசை அரும்பும் பருவத்து இளைஞர்கள்.

குருண் போன்ற ஊர்களில் இது சிறிய விஷயமன்று. ஜெராய் மலையடிவாரத்தில், தோட்டங்களும் கம்போங்களும் சூழ்ந்த ஊர் நமது. சிலம்பம் பழகும் தோட்டத்துப் பிள்ளை, சீலாட் பழகும் மலாய்ப் பிள்ளை, குத்துச்சண்டை, தேக்குவாண்டோ, மொய்தாய் என்று பயிற்சிக்குப் போகிறவன், எவனாயினும் கடைக்கு வந்து, "நானா, பலத்துக்கும் மூச்சுப் பிடித்து நிற்பதற்கும் எது நல்லது?" என்று கேட்பது இயல்பே. அப்போது நாம் நீட்டும் புட்டிக்கு நாம் எவ்வளவு தூரம் பொறுப்பாளிகள்? இதையே இங்கு சிந்திக்க விரும்புகிறோம்.

முதலில், அவன் கேட்பது நியாயமான கேள்வி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சண்டை விளையாட்டுக்குப் பலம் மட்டும் போதாது. தாங்கும் சக்தியும் வேண்டும். ஓங்கி அடிக்கும் முதற்சில விநாடிகளுக்குத் தசையில் சேமித்து வைத்த சக்தி உதவுகிறது. அது தீர்ந்ததும் உடல் சர்க்கரையை அவசரமாக எரிக்கிறது. தசை கனக்கிறது, எரிகிறது. அதற்கப்பால் மூச்சுக்காற்றின் உதவியோடு எரியும் நிதானமான நெருப்பே கடைசிச் சுற்றுவரை ஆளைக் கொண்டுசேர்க்கிறது. பயிற்சியும் உணவும் உறக்கமும் சேர்ந்தே இம்மூன்றையும் வளர்க்க வேண்டும்.

புட்டியில் வருவது யாவும் பொய்யா என்றால், அதுவும் இல்லை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2018இல் வெளியிட்ட அறிக்கையில், ஆட்டத்திறனை நேரடியாகக் கூட்டுவதற்குத் தக்க சான்று உள்ளவை என ஒப்புக்கொள்ளப்பட்டவை ஐந்தே: கிரியேட்டின், காஃபின், நைட்ரேட், பீட்டா அலனைன், சோடியம் பைகார்பனேட். கிரியேட்டின் நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் எடுத்தால், அந்த முதற்சில விநாடிகளின் சேமிப்பு சற்றுக் கூடும். காஃபினோ உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 3 மில்லிகிராம் போதும். 60 கிலோ எடையுள்ளவனுக்கு இரண்டு கோப்பை கெட்டிக் காப்பியில் கிடைத்துவிடக்கூடிய அளவே அது. பைகார்பனேட் என்பது நம் கடையிலேயே உள்ள சோடா உப்பு. அளவு பிசகினால் வயிற்றைக் கலக்கிவிடும். இவற்றின் பலன் எல்லாம் சொற்பமே. நன்றாக உண்டு, உறங்கி, பழகுகிறவனுக்கு இவை ஒரு சிறு கை கொடுக்கும். அவை இல்லாதவனுக்கு ஒன்றும் செய்யா.

தசையை வளர்க்கும் புரதத்தின் கதையும் இதுதான். கடும் பயிற்சி செய்கிறவனுக்குக் கிலோ ஒன்றுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவனுக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் என்று கொள்ளலாம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம். 100 கிராம் பருப்பில் இருபதுக்கு மேல். மீனும் கோழியும் நெத்திலியும் கடலையும் பாலும் மீதியைத் தந்துவிடும். அவன் தேடிவந்த பலத்தின் பெரும்பகுதி, நம் கடையின் மலிவான அலமாரியிலேயே இருக்கிறது. ஆனால் அதில் நமக்கு லாபம் குறைவு; புட்டியில் அதிகம். சோதனை இங்கேதான் தொடங்குகிறது.

புட்டியில் எழுதாதது உள்ளே இருந்தால் என்ன ஆகும்? ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வுக்கூடம் 13 நாடுகளில் 634 சத்துப் பொருள்களை வாங்கிச் சோதித்து, 2004இல் முடிவை வெளியிட்டது. அவற்றில் 94இல், லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு வகைப் பொருள்கள் இருந்தன. ஏறத்தாழ ஏழில் ஒன்று! நம் நாட்டிலும், ஆண்மைக் காப்பி, மூலிகை மாத்திரை, மெலிவுப் பொடி என்று விற்றவற்றில் சில்டெனாஃபில், டெக்ஸாமெத்தசோன், சிபுட்ராமின் முதலிய மருந்துகள் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. எடைப்பிரிவுக்காக அவசரமாக உடம்பைக் குறைக்க நினைக்கும் சண்டை வீரனுக்குச் சிபுட்ராமின் கலந்த பொடி எத்தனை ஆபத்து! இருதயத்தைக் கெடுக்கிறது என்று 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது.

நம் நாட்டின் பூப்பந்து வீரர் லீ சோங் வெய்க்கு நேர்ந்ததை எல்லோரும் அறிவோம். 2014 ஆகஸ்டில் கோபன்ஹேகன் உலகப் போட்டியின்போது எடுத்த பரிசோதனையில் டெக்ஸாமெத்தசோன் இருந்தது தெரியவந்தது. அவர் உட்கொண்ட கார்டிசெப்ஸ் மூலிகை மாத்திரையின் ஜெலட்டின் உறையிலிருந்தே அது வந்தது என்று விசாரணைக் குழு ஏற்றது. ஏமாற்றும் எண்ணம் அவருக்கில்லை என்றும் கண்டது. ஆயினும் எட்டு மாதத் தடையும், வெள்ளிப் பதக்க இழப்பும் தப்பவில்லை. ஒலிம்பிக் மல்யுத்தத்தில் வெள்ளி வென்று, பின்னர் கலப்புச் சண்டைக்கு மாறிய யோயல் ரொமேரோவுக்கும் 2016இல் இதே கதி: கலப்படமான சத்துப் பொருளால் ஆறு மாதத் தடை. தன் உடம்பில் இருப்பதற்குத் தானே பொறுப்பு என்பதே ஊக்கமருந்துச் சட்டம். உலகப் புகழ் பெற்ற வீரருக்கு வழக்காட ஆளுண்டு. தோட்டத்துப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

இங்கே நம்மவர் சொல்லும் சமாதானங்கள் மூன்று. "நானா அதைச் செய்தேன்? கம்பெனி செய்தது" என்பது ஒன்று. "லேபிளில் உள்ளதைத்தான் சொன்னேன்" என்பது இரண்டு. "நான் விற்காவிட்டால் அடுத்த கடைக்காரன் விற்பான், இல்லையேல் கைபேசியில் வாங்கிக்கொள்வான்" என்பது மூன்று.

மதீனத்துக் கடைத்தெருவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது ஈரம் தட்டுப்பட்ட வரலாற்றை நினைத்துப் பாருங்கள். மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமன்று. நனைந்ததை அடியிலும் காய்ந்ததை மேலுமாக வைத்ததே குற்றம். முதற்சமாதானத்துக்கு இதில் விடை இருக்கிறது: குறையை உண்டாக்கியவன் யார் என்பது வேறு, குறையை மறைத்து விற்றவன் யார் என்பது வேறு.

"எனக்குத் தெரியாதே, தெரிந்தால்தானே மறைப்பேன்?" என்று கேட்கலாம். அறியாமை இருவகைப்படும். முயன்றும் அறிய முடியாதது ஒன்று. அறிந்தால் லாபம் போய்விடுமே என்று அறியாமலே இருந்துகொள்வது மற்றொன்று. முந்தியது மன்னிக்கத்தக்கது. பிந்தியது, குவியலுக்குள் கையை விட்டுப் பார்க்க மறுப்பது. அதை மறைப்பதிலிருந்து எப்படிப் பிரிப்பது?

மூன்றாவது சமாதானமே வலிமையானது. அதில் உண்மையும் உண்டு. நாம் விற்காததனால் உலகம் திருந்திவிடாது. ஆனால் அந்தப் பிள்ளை நம்மிடம் ஏன் வந்தான்? அவன் பாட்டன் காலத்தில் கடன் கொடுத்து, சம்பள நாளில் கணக்குப் பார்த்து, நிறை குறையாமல் அளந்து கொடுத்த கடை என்பதால் வந்தான். அவன் புட்டியை நம்பவில்லை, நம்மை நம்புகிறான். கைபேசியில் வாங்கினால் அவன் ஏமாறுவது ஒரு அந்நியனிடம். நம்மிடம் ஏமாந்தால், மூன்று தலைமுறையாய்ச் சேர்த்த அமானிதத்தை நாமே விற்றுவிட்டோம் என்று பொருள்.

ஆகவே, இச்சரக்கையே விற்கலாகாது என்று நாம் சொல்லவில்லை. கையை விட்டுப் பார்த்து விற்போம் என்கிறோம். மாத்திரை, கூடு வடிவச் சத்துப் பொருளில் 'எம்.ஏ.எல்.' என்ற பதிவெண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் உண்டா என்று பார்த்து, அந்த எண் மெய்தானா என்று தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் பதிவில் தேடலாம். 1952ஆம் ஆண்டு மருந்து விற்பனைச் சட்டத்தின்படி, பதிவில்லாததை விற்கும் தனிநபருக்கு முதற்குற்றத்துக்கே 25,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ உண்டு என்பதும் நினைவிருக்கட்டும். கூட்டின் ஜெலட்டின் ஹலாலானதா என்று ஹலால் முத்திரையைக் கொண்டு அறியலாம். போட்டிக்குச் செல்லும் வீரனாயின், 'இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்' போன்ற தனிச் சோதனை பெற்ற சரக்காகவும், புட்டியிலுள்ள தொகுதி எண் அச்சோதனைப் பட்டியலில் இருப்பதாகவும் பார்க்கச் சொல்லலாம். பதிவும் ஹலாலும் இருந்தாலும் ஊக்கமருந்து இல்லை என்பதற்கு அவை உத்தரவாதமல்ல என்று ஒளிக்காமல் சொல்லலாம். பதினெட்டு நிறையாதவனை, சிறுநீரகக் கோளாறும் இருதய நோயும் உள்ளவனை, வைத்தியரைக் கேட்டு வா என்று திருப்பியனுப்பலாம். ஒரே வாரத்தில் பலன் தரும் சரக்கை அலமாரியில் ஏற்றாமலே இருக்கலாம். அவ்வளவு விரைவில் வேலை செய்வதில் எழுதாத மருந்து கலந்திருக்கக்கூடும்.

இதனால் மாதம் சில நூறு வெள்ளி குறையக்கூடும். அந்நஷ்டம் மெய்யானதே; ஆனால், "முட்டையும் பருப்பும் வாங்கிக்கொண்டு போ தம்பி, காசை மிச்சம் பிடி" என்று சொல்லத் தெரிந்த கடைக்குத்தான் அந்தத் தம்பி நாளை தன் பிள்ளையையும் அனுப்புவான்.